ஓடம் இல்லாத ஓடத்துறை

திருச்சி மலைக்கோட்டைக்கு வடக்கே, காவேரிப் பாலத்தின் தென்முனையை ஒட்டி ஒரு சாலை இருக்கிறது. அதற்கு ஓடத்துறைச் சாலை என்று பெயர். அங்கே பஸ் உண்டு, லாரி உண்டு, ஆட்டோ உண்டு. அவற்றின் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிளில் போகிறவர்களும் உண்டு. ஓடம் ஒன்றுதான் இல்லை.

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் அங்கே இறங்கினேன். வேலை மெனக்கெட்டு வந்ததற்கு ஏதாவது விசாரிக்க வேண்டாமா? சாலையோரத்தில் இளநீர் சீவிக்கொண்டிருந்தவரிடம், "ஓடத்துறை என்கிறார்களே, ஓடம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கே சார் போகணும்?"

"ஸ்ரீரங்கம்."

"ஒண்ணாம் நம்பர் பஸ் வரும், ஏறிக்குங்க. ஓடந்தான் வேணும்னா எங்க தாத்தாவோட தாத்தா காலத்துல வந்திருக்கணும்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் கணக்கு அப்படி ஒன்றும் தப்பில்லை. 1849-ஆம் வருஷத்தில் இங்கே காவேரிக்குப் பாலம் போட்டார்கள். அதற்கு முன்னால், ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓடும் மாதங்களில் இக்கரை ஜனங்களுக்கும் அக்கரை ஜனங்களுக்கும் ஓடந்தான் துணை. அந்தப் பழைய பாலத்துக்கும் வயதாகி, 1976-இல் இப்போதுள்ள பாலம் வந்தது. 'ஓடம் ஒரு நாள் வண்டியில் ஏறும். வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்' என்று பழமொழி சொல்கிறோம். இங்கே ஓடம் வண்டியில் ஏறவில்லை. பெயர்ப் பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டது!

பஸ் பாலத்தின் மேல் ஏறியது. அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரம். ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று வந்தது. கீழே காவேரி இரு கரையும் தொட்டு ஓடவில்லை என்றாலும், மணல் திட்டுகளுக்கு நடுவே கண்ணுக்கு நிறைவாகவே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஓடம் போய்விட்டது, ஓடக்காரர்கள் போய்விட்டார்கள், 'துறை' என்ற சொல் மட்டும் எப்படித் தங்கிவிட்டது என்று யோசித்துக்கொண்டே அக்கரை போய்ச் சேர்ந்தேன்.

கப்பல் ஏறாத ஊரில் கப்பல்

ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கே பல சமயம் மறந்துபோகும். மேற்கே முக்கொம்பில் காவேரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. 1836-இல் ஸர் ஆர்தர் காட்டன் மேலணை கட்டத் தொடங்கியது அங்கேதான். தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவே கோயிலும் ஊரும். 'அரங்கம்' என்ற சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்று ஒரு பொருள் உண்டு. நாடகம் பார்க்கிற அரங்கம் வேறு. பெருமாள் பள்ளிகொண்டிருக்கிற இந்த அரங்கம் ஆறு சூழ்ந்த அரங்கம்.

என் அத்தை வீடு சித்திரை வீதியில் இருக்கிறது. அத்தைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகையின் கடைசி வரி வரையில் வாசிப்பாள். நான் எழுதுவதையும் வாசிப்பாள், குற்றமும் சொல்லுவாள்.

நான் உள்ளே நுழைந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. அத்தான் ஊஞ்சலில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"கன்னத்துலேர்ந்து கையை எடுடா. இப்ப என்ன கப்பலா கவுந்து போச்சு?" என்று அத்தை பிள்ளையை அதட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை பிறந்தது ஸ்ரீரங்கம், வாழ்க்கைப்பட்டதும் ஸ்ரீரங்கம். கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலே. கப்பல் என்று ஒன்றை அவள் படத்தில்தான் பார்த்திருப்பாள். ஆனால் அன்று ஒரு மணி நேரத்துக்குள் அவள் வாயிலிருந்து எத்தனை கப்பல்கள் புறப்பட்டன தெரியுமா? எதிர்வீட்டுச் சண்டையைப் பற்றிச் சொல்லும்போது, "மானம் கப்பலேறிடுத்து" என்றாள். தெரிந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, "பாவம், மூணு பெண்ணையும் கரையேத்திட்டார்" என்றாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைப் பற்றி, "ஏணியும் தோணியும் மாதிரி, ஏத்திவிட்டுட்டு அவர் அங்கேயேதான் இருந்தார்" என்றாள்.

நம் வீட்டுப் பெண்மணிகள் கடற்கரைக்குப் போகாமலே மாலுமிகளின் பாஷையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குடும்பம் என்றால் கரை சேர்க்க வேண்டியது ஒன்று என்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிய வேண்டியதில்லை.

"என்ன அத்தை விஷயம்? ஏன் அத்தான் இப்படி இருக்கிறார்?"

"கப்பல் கவிழலை. கப்பல் ஏறப்போறது. அதுதான் இவனுக்குக் கவலை" என்றாள் அத்தை.

ஒரு கட்டத்தில் நிரப்ப வேண்டிய சொல்

விஷயம் இதுதான். அத்தையின் பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணக்கில் கெட்டிக்காரி. மேலே என்ன படிப்பது என்ற கேள்வி வந்தபோது அவள் எஞ்சினீயரிங் சொல்லவில்லை, வைத்தியம் சொல்லவில்லை, பாங்கி வேலையும் சொல்லவில்லை. சென்னையில் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2008-இல் ஏற்பட்டது, அங்கே கப்பல் செலுத்துகிற படிப்புப் படிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அத்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாசக்கணக்கா நடுக்கடல்லே ஒரு பெண் குழந்தை! ஒரு ஜுரம் வந்தா யார் பார்த்துப்பா? நாளைக்கு ஒரு வரன் வந்தா என்ன பதில் சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதைக் கொடுமை என்று சொல்ல என்னால் முடியவில்லை. தகப்பனாரின் குரலில் கோபத்தைவிடப் பயந்தான் அதிகமாக இருந்தது.

பெண் சும்மா இருக்கவில்லை. "மாமா, நீங்களே சொல்லுங்கோ" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். ராதிகா மேனன் என்ற கேரளத்துப் பெண்மணி இந்திய வணிகக் கப்பல் ஒன்றுக்குக் காப்டனாகி, 2015-இல் வங்காள விரிகுடாவில் தத்தளித்த ஏழு மீனவர்களைக் காப்பாற்றினாராம். மறு வருஷம் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அவருக்கு வீரத்துக்கான விருது கொடுத்ததாம். 2017-இல் கடற்படைப் பெண் அதிகாரிகள் ஆறு பேர் 'தாரிணி' என்ற பாய்மரக் கப்பலில் புறப்பட்டு உலகத்தைச் சுற்றிவிட்டு 2018-இல் திரும்பினார்களாம். அதே கப்பலில் 2024 அக்டோபரில் தில்னா, ரூபா என்று இரண்டே பேர் கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே மாதம் பத்திரமாக வந்து சேர்ந்தார்களாம். எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தாள்.

"அவாள்ளாம் பெரிய மனுஷா" என்றார் அத்தான்.

"பொறக்கும்போதேயா?" என்றாள் பெண்.

மேஜை மேல் விண்ணப்பம் ஒன்று கிடந்தது. பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் முத்து முத்தாக எழுதப்பட்டிருந்தன. 'விரும்பும் துறை' என்று ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. காலையில் ஓடத்துறையில் என்னைப் பிடித்துக்கொண்ட சொல் இங்கேயும் வந்து முன்னால் நின்றது!

அத்தை எழுந்தாள். "ஆத்துக்குப் போகலாம் வாடா" என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடக் கூடாது. 'ஆத்துக்கு' என்றால் வீட்டுக்கு. 'ஆத்துக்கு' என்றால் ஆற்றுக்கு. நாங்கள் வீட்டுக்குள்தான் இருந்தோமாகையால் அத்தை சொன்னது காவேரி என்று புரிந்துகொண்டேன். பேத்தியும் புறப்பட்டாள். ஆட்டோவில் அம்மா மண்டபம் போய்ச் சேர்ந்தோம்.

மரங்கள் நின்ற துறைகள்

அம்மா மண்டபத்துப் படித்துறையைப் பார்க்காதவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஆடிப் பதினெட்டு அன்று போனால் கால் வைக்க இடம் இராது. புது மஞ்சள் கயிறும், காதோலை கருகமணியும், சித்ரான்னமுமாகப் பெண்கள் கூட்டம் அலைமோதும். ஆடி மாதத்தில் நம்பெருமாளே இங்கு எழுந்தருளிக் காவேரிக்குச் சீர் கொடுப்பார். அமாவாசையன்று வந்தாலோ வேறு காட்சி. மறைந்த பெரியவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணமான புதுப் பெண் இறங்குவதும் இந்தப் படிதான், அஸ்தி கரைக்க வருகிறவர் இறங்குவதும் இந்தப் படிதான்.

நாங்கள் போனபோது சாயங்காலம். கூட்டம் இல்லை. ஆற்றுக்கு அப்பால் மலைக்கோட்டை தெரிந்தது. மேல்படியில் உட்கார்ந்துகொண்டு, காலையிலிருந்து என் மண்டையைக் குடைந்த விஷயத்தை அத்தையிடம் சொன்னேன்.

"துறைன்னா என்னடா, இந்த ஜில்லாவே துறைதானே!" என்று அத்தை விரலை மடக்கினாள். மேற்கே குளித்தலையில் கடம்பந்துறை. அப்புறம் கரூர் போகிற வழியில் திருப்பராய்த்துறை. கொள்ளிடத்துக்கு வடக்கே லால்குடிப் பக்கத்தில் மாந்துறை. அதற்கும் கிழக்கே அன்பில் ஆலந்துறை. திருவானைக்காவலுக்குப் பக்கத்தில் திருப்பாற்றுறை. எல்லாம் பாடல் பெற்ற சிவஸ்தலங்கள்.

சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று புலப்பட்டது. கடம்பு, பராய், மா, ஆல் ஆகிய நாலும் மரங்கள்! பெயர்ப் பலகை இல்லாத காலத்தில் ஓடத்தில் வருகிறவனுக்கு ஊர் எப்படித் தெரியும்? கரையோரம் எல்லாம் ஒரே பச்சையாகத்தானே இருக்கும்? 'அதோ, அந்தக் கடம்ப மரம் நிற்கிறதே, அங்கே விடு' என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. மரம் அடையாளமாகி, அடையாளம் ஊராகி, ஊர் ஸ்தலமாகிவிட்டது.

திருப்பராய்த்துறைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. ஐப்பசி மாதம் முதல் தேதி அங்கே முதல் முழுக்கு. மாதக் கடைசியில் மயிலாடுதுறையில் கடைமுழுக்கு. ஒரு துறையில் ஆரம்பித்து இன்னொரு துறையில் முடிகிறது, காவேரி ஸ்நானம். காவேரிக்கரையை விட்டுக் கடற்கரைக்குப் போனாலும் துறை கூடவே வருகிறது. கடலில் துறை துறைமுகமாகிறது. இலங்கையில் பருத்தித்துறை, காங்கேசன்துறை. அந்தக் காங்கேசன்துறைக்கு நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபரில் பிரயாணிகள் கப்பல் விட்டார்கள்; ஓடத்துறையில் ஓடம் நின்றுபோனாலும், எங்கேயோ ஒரு துறைக்குக் கப்பல் வரத்தான் வருகிறது.

"அது சரி, ஆபீஸுக்கெல்லாம் ஏன் துறைன்னு பேர் வெச்சா?" என்று பேத்தி கேட்டாள்.

நல்ல கேள்விதான். எங்கள் தாத்தா காலத்தில் கல்வி இலாகா, விவசாய இலாகா, போலீஸ் இலாகா என்றுதான் சொல்லுவார்கள். தமிழ் ஆட்சிமொழி ஆக வேண்டும் என்று 1956-இல் சட்டம் வந்தது. சர்க்கார் காகிதங்களில் தமிழ் பரவப் பரவ இலாகா மெல்ல விடைபெற்றுக்கொண்டது. கல்வித் துறை, காவல் துறை, பொதுப்பணித் துறை என்று துறைகள் பெருகின. 2021-இல் பொதுப்பணித் துறையிலிருந்து தண்ணீரைத் தனியே பிரித்து நீர்வளத் துறை என்று வைத்தார்கள். நீரில் பிறந்த சொல் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தாய்வீட்டுக்கே வந்துவிட்டது!

ஆனால் சர்க்கார்தான் முதலில் இந்தச் சொல்லைத் தரைக்கு ஏற்றியது என்று நினைக்க வேண்டாம். சங்கப் பாட்டுகளுக்குத் திணை என்றும் துறை என்றும் வகுத்து வைத்திருக்கிறார்கள். நன்றாகக் கற்றுத் தேர்ந்தவனைத் 'துறைபோனவன்' என்பது பழைய வழக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகனைப் புரட்டினால் துறைக்கு இடம், வழி, பகுதி, நீர்த்துறை, வண்ணான் துணி வெளுக்கும் இடம் என்று பொருள்கள் அடுக்கடுக்காக வருகின்றன. இந்தத் துறைக்கு வல்லின 'று'வின் இனமான 'றை' போட வேண்டும். இடையினம் போட்டுவிட்டால் அது வெள்ளைக்காரத் துரையாகிவிடும். 'கல்வித் துரை' என்று எழுதிப் பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய குட்டு இன்னும் வலிக்கிறது!

என் பிரசங்கத்தைப் பேத்தி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அத்தை மட்டும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை படித்த துறை

"1960-லே நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினேன்" என்றாள் அத்தை திடீரென்று. "கணக்கிலே நல்ல மார்க்."

எனக்கு இது புதிய செய்தி. அத்தை பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பது தெரியும். அவள் அதற்கு மேல் ஆசைப்பட்டாள் என்பதை அதுவரை யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"அக்கரையிலே பெண்களுக்கு ரெண்டு காலேஜ் இருந்தது. ஹோலி கிராஸ் பழசு. சீதாலக்ஷ்மி ராமஸ்வாமி காலேஜ் அப்போ புதுசு. என்னோட படிச்சவ ஒருத்தி சேர்ந்துட்டா. நானும் போறேன்னேன். உங்க தாத்தா, 'பாலத்தைத் தாண்டி ஒரு பெண் குழந்தை தினம் போயிட்டு வரதா?' அப்படின்னுட்டார். கோபமாகூடச் சொல்லலை. அவருக்குப் பயம். என்னை அவ்வளவு பிரியமா வெச்சிண்டிருந்தார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மறு வருஷம் தையிலே கல்யாணம். அந்த ஒரு வருஷம் தினம் காலம்பற இங்கே ஸ்நானத்துக்கு வருவேன். இந்தப் படியிலே நின்னா அந்தப் பழைய பாலத்திலே பஸ் போறது தெரியும். அவ அந்த பஸ்லேதான் போவா." அத்தை சிரித்தாள். "எல்லாரும் என்ன துறையிலே படிச்சேள்னு கேப்பா. எனக்கு ஒரே துறைதான், படித்துறை."

நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு எத்தனை தூரம்? அரைக் கிலோமீட்டர்ப் பாலம். 1849-லேயே போட்டு வைத்திருந்த பாலம். ஓடமும் வேண்டாம், ஓடக்காரனும் வேண்டாம். நடந்தே போய்விடலாம். ஆனால் நூறு வருஷத்துக்கு மேலே பாலம் நின்ற பிறகும் ஒரு பெண்ணால் அதைத் தாண்ட முடியவில்லை. கல்லும் சுண்ணாம்பும் போட்டு ஆற்றுக்குப் பாலம் கட்டிவிடலாம். தகப்பனாரின் பிரியத்துக்கும் பயத்துக்கும் நடுவே பாலம் கட்டுகிற எஞ்சினீயர் யார்?

அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொரு படியாக இறங்கினாள். "பாட்டி, வழுக்கும்" என்று பேத்தி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். கடைசிப் படியில் கணுக்கால் அளவு தண்ணீர். அத்தை குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். பேத்தியின் தலையிலும் தெளித்தாள்.

"நீ பெரிசா அர்த்தமெல்லாம் சொன்னியே," என்று என்னைப் பார்த்தாள். "ஆத்துக்குக் கரை முக்கொம்புலேர்ந்து கல்லணை வரைக்கும் இருக்கு. எங்கே வேணா நின்னு வேடிக்கை பாக்கலாம். இறங்க முடியற இடந்தான் துறை. இறங்கினாத்தான் துறை, இல்லாட்டா வெறும் கரை."

தமிழ் லெக்ஸிகனில் இந்தப் பொருள் இதே வார்த்தைகளில் இல்லை. ஆனால் படிப்புக்கும் தொழிலுக்கும் நம்மவர்கள் ஏன் துறை என்று பெயர் வைத்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. கடலாகக் கிடக்கிற அறிவில் ஒரு மனிதன் கால் வழுக்காமல் இறங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். யாராவது முன்னால் இறங்கிப் படி கட்டி வைத்திருக்க வேண்டும். கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டுக்குத் திரும்பியபோது அத்தான் அதே ஊஞ்சலில்தான் இருந்தார். கன்னத்தில் கை மட்டும் இல்லை. அத்தை அவரிடம் ஒன்றும் வாதாடவில்லை. மேஜை மேலிருந்த விண்ணப்பத்தையும் பேனாவையும் எடுத்துப் பிள்ளையின் மடியில் வைத்தாள்.

"நீயே உன் கையாலே எழுதிக் குடுடா. எங்கப்பா எனக்கு எழுதலை" என்றாள்.

அத்தான் வெகு நேரம் தாயாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கப்பல்லே போன் கிடைக்குமோடி?" என்று பெண்ணைக் கேட்டார்.

"கிடைக்கும்பா."

"தினம் பேசணும்."

அவர் எழுதிய எழுத்து அவ்வளவு அழகாக இல்லை. கை கொஞ்சம் நடுங்கியிருந்தது. துறைக்கு மட்டும் சரியான 'றை' போட்டிருந்தார்.

இடம் கிடைக்குமா, உடல் பரிசோதனையில் தேறுவாளா என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியும். இரவு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பாலத்தைக் கடந்து இக்கரைக்கு வந்தேன். இளநீர்க்காரர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "என்ன சார், ஓடம் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைத்தது" என்றேன்.